ஐந்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே

எங்கள் அலுவலகத்தில் ஆசைக்கு ஓர் அளவு உண்டு. மாதத்துக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது, பதின்மூன்றைத் தாண்டக் கூடாது. நடுவில் இருப்பவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். வெளியே நிற்பவர்கள் என்னிடம் வரலாம். நான் அவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாக 'முடியாது' என்பேன். அதற்காக எனக்கு ஒரு சுழல் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.

பெயர் குழந்தைவேலு. வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. பதவி, மணவாழ்வு அளவியல் வாரியத்தின் திருச்சி மண்டல மேல்முறையீட்டு அலுவலர். இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி, கேட்டவர் சிரிக்காமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

இந்த அளவுச் சட்டம் கெட்ட எண்ணத்தில் வரவில்லை. குடும்ப நீதிமன்றங்கள் நிரம்பி வழிந்த காலம் அது. தாலி கட்டிய பிறகுதான் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு, தெரிந்ததைப் பேச வாயில்லாமல் பத்து வருடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தம்பதிகள். 'ஜாதகம் போதும், இனி ஆதாரம்' என்றார்கள். எல்லோரும் கை தட்டினோம். மணிக்கட்டின் உட்புறம் ஒரு பட்டை ஒட்டுவார்கள். முப்பது நாள். இதயத் துடிப்பு, தோலின் சூடு, ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் கவனித்து, ஆசை எழும் ஒவ்வொரு தடவைக்கும் அது ஒன்று கூட்டிக்கொள்ளும். வாய் பொய் சொல்லும், மணிக்கட்டு சொல்லாது என்று எங்கள் வரவேற்பறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் முன்னால் உட்கார்ந்தவர்கள் அமலோற்பவமும் இருதயராஜும். அவள் லால்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர், முப்பத்தெட்டு வயது. அவன் பாலக்கரையில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவன். அவனுக்கு ஏழு. அவளுக்கு ஒன்று. இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டாயிற்று. இது மூன்றாவது. மூன்றாவதிலும் முடியாது என்று நான் எழுதிவிட்டால், அந்தப் பெயருக்கு ஆயுசு முழுக்கக் கல்யாணப் பதிவு கிடையாது.

"டீச்சர்," என்றேன் குரலைத் தாழ்த்தி. "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தில்லைநகர்ல இதுக்கு டியூஷன் எடுக்கிறாங்க. ஒண்ணும் இல்ல, பட்டையோட தினமும் நாலு மாடி ஓடி ஏறச் சொல்லுவாங்க, நடுவுல ஒரு பாட்டு போடுவாங்க. ஆறு, ஏழு சுலபமா வந்துடும்."

"எட்டாவது மாடியிலதான் குடியிருக்கா சார்," என்றான் இருதயராஜ். "லிஃப்ட் ரிப்பேர் வேற. அப்பவும் ஒண்ணுதான். டீச்சருக்கு மூச்சே வாங்காது."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள். பிறகு என்னிடம், "சார், நான் அளவு தப்புன்னு சொல்ல வரல. நான் எப்படின்னு எனக்குத் தெரியும். அந்த மாதிரி எண்ணம் எனக்குப் பெருசா வர்றதில்ல. வியாதியும் இல்ல, விரதமும் இல்ல. இவர்கிட்ட முதல் மாசமே சொல்லிட்டேன்."

"நாலு வருஷம் யோசிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன்," என்றான் அவன். "எனக்குக் குறைச்சல்னா நான்தானே சொல்லணும்? பட்டை ஏன் சொல்லுது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் அச்சடித்த பதில் உண்டு. எடுத்து நீட்டினேன். 'இயல்பு அளவு அறிவியல் ஆதாரத்தின் அடிப்படையில் வகுக்கப்பட்டது' என்று தொடங்கும்.

"அதைத்தான் சார் ஆறு மாசமா படிச்சேன்," என்று அமலோற்பவம் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தாள். பள்ளிக்கூட டீச்சர்களின் கையில் காகிதம் வந்தால் எனக்கு இன்னமும் எழுந்து நிற்கத் தோன்றும். "கடைசியில ஒரு அடிக்குறிப்பு இருக்கு. அது இன்னொரு அறிக்கையைக் காட்டுது. அதோட அடிக்குறிப்பு இன்னொண்ணை. இப்படியே பின்னால போனா, பதினோரு அறிக்கை. பதினொண்ணும் ஒரே எண்ணைத்தான் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதியிருக்கு. உண்மையில ஜனங்ககிட்ட போய்க் கேட்டது ஒரே ஒரு ஆய்வுதான். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால, அரியலூர் பக்கம் கிராமங்கள்ல. அறுநூத்தி நாப்பது கல்யாணமான பெண்கள்."

நீட்டிய அச்சடித்த பதிலைத் திரும்ப எடுத்து மேஜைக்குள் வைத்தேன்.

"களப்பணி கே. குழந்தைவேலுன்னு போட்டிருக்கு. நீங்கதானா சார்?"

ஆமாம் என்று தலை தானாக ஆடியது. அந்தத் தலையை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் கொடுமை. "நெனச்சேன்! அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் சார். அந்தக் காலத்துல, வாசல்ல நின்னு, முன்னபின்ன தெரியாத சின்ன வயசுப் பையன் கேட்டா, அறுநூத்தி நாப்பது பேரும் பதில் சொல்லியிருக்காங்களே! எங்கம்மா எங்கப்பாகிட்டகூட இதைப் பேசியிருக்க மாட்டாங்க. எப்படி சார் சொல்ல வெச்சீங்க?"

நான் எழுந்தேன். உணவு இடைவேளை என்றேன். மணி பத்தே முக்கால்.

இனி நான் மறைத்துப் பயனில்லை.

அப்போது புள்ளியியலில் முதுகலை முடித்து வேலையில்லாமல் இருந்தேன். ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தற்காலிகக் களப்பணிக்கு எடுத்தது. பெண்களிடம் கேட்க ஒரு பெண் ஊழியர் வந்திருக்க வேண்டும். அவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். 'நீயே முடிச்சுடு, மாசக் கடைசி கெடு' என்றார் மேற்பார்வையாளர். படிவத்தில் இருபத்தைந்து கேள்விகள். பதினாறு வரை பெயர், வயது, பிள்ளைகள், கழிப்பறை, ரேஷன் கார்டு. பதினேழாவது கேள்வி: 'கடந்த ஒரு மாதத்தில், உங்களுக்காகவே தாம்பத்திய ஆசை எத்தனை முறை தோன்றியது?'

ஒரு வாசலில் மோர் கொடுத்தார்கள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து முறம் புடைத்துக்கொண்டிருந்தார். பதினாறு வரை கேட்டேன். பதினேழுக்கு வந்ததும், 'மோர் நல்லா இருக்குங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த வாசலில் பானகம். என் ஆராய்ச்சி இப்படியே வயிறு நிறைந்துகொண்டு போயிற்று.

ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து பதினேழாம் கட்டத்தை நானே நிரப்பினேன். கண்டபடி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தெரிந்த அளவுக்குப் படித்திருந்தேன். பயணப்படிக்காகச் சேர்த்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டுகள் பையில் கட்டுக்கட்டாக இருந்தன. இரண்டு டிக்கெட் எடுப்பேன். இரண்டின் கடைசி எண்களையும் கூட்டி எழுதுவேன். மூன்றும் எட்டும் பதினொன்று. பூஜ்யமும் ஏழும் ஏழு. வரைபடம் போட்டுப் பார்த்தபோது நடுவில் மேடும் இரு பக்கமும் சரிவுமாக அவ்வளவு அழகாக வந்தது. சராசரி ஒன்பது. என் வாழ்க்கையிலேயே நான் செய்த நேர்த்தியான வேலை அது.

அந்தத் தாள்கள் எங்கோ செல்லரித்துப் போயிருக்கும் என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். ஐந்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே இருந்த என் மேட்டைத்தான் நாடு இயல்பு என்று அழைக்கிறது என்பது, அன்று காலை பத்தே முக்காலுக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பட்டை உண்மையைத்தானே அளக்கிறது? இத்தனை வருடத்தில் பதினெட்டு லட்சம் பேரை அளந்திருக்கிறோம். அவர்களின் உண்மையான சராசரி வேறாக இருக்கும். நாலோ, இருபதோ. அதைக் காட்டி அளவை மாற்றிவிடலாம். இரண்டாவது மாடியில் தரவுப் பிரிவுக்கு ஓடினேன். பொறியாளர் ஃபர்ஹானா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மொத்த சராசரியா சார்? இருங்க." தட்டினாள். "ஒன்பது. ஒன்பது புள்ளி பூஜ்யம் ஒண்ணு."

"பதினெட்டு லட்சம் பேருக்குமா?"

"ஆமா சார். அந்தப் பழைய ஆய்வோட அப்படியே பொருந்துது. எங்க பிரிவுல எல்லாரும் பெருமையா சொல்லுவாங்க."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது என் அதிர்ஷ்டம். நான் டிக்கெட்டில் கண்டுபிடித்தது தற்செயலாக உண்மைதானா? ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், என்னை ஒரு மேதை என்றுகூட நினைத்தேன்.

"எப்படிம்மா அது? அவ்வளவு சரியா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சரியாத்தானே சார் வரும்? பட்டைக்கு நாடித் துடிப்பு மட்டும்தான் தெரியும். எவ்வளவு துடிச்சா ஆசை, எவ்வளவு துடிச்சா பஸ்ஸைப் பிடிக்க ஓடினதுன்னு அதுக்கு யாராவது சொல்லிக்குடுக்கணும் இல்ல? ஆரம்பத்துல ஆயிரம் பேருக்கு ஒட்டிப் பாத்தாங்க. சராசரி ஒன்பது வர்ற வரைக்கும் அதோட திருகாணியைத் திருகினாங்க. அந்த ஆய்வுதான் அதுக்கு வாத்தியார். அது படிச்ச பாடத்தைத்தானே ஒப்பிக்கும்? ஏன் சார், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"பசி," என்றேன்.

பசி இல்லை. எனக்கு அப்போது செங்கமலத்தின் முகம் ஞாபகம் வந்தது. இதே வாரியத்தில், பதிவு எழுத்தராக இருந்தவள். சட்டம் வந்த புதிதில், என் முப்பத்தைந்தாவது வயதில், நாங்கள் இருவரும் பட்டை ஒட்டிக்கொண்டோம். அவளுக்கு எட்டு. எனக்கு நான்கு. ஐந்துக்கு ஒன்று குறைவு. மேல்முறையீடு செய்யலாம் என்றாள். 'அறிவியல் சொன்ன பிறகு அடம்பிடிக்கக் கூடாது' என்று நான்தான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அவளை நல்லபடியாக வாழ வைக்க முடியாதவன் என்று என்னைப் பற்றி நானே முடிவு கட்டி, விலகி நின்று, அவள் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியும் பரிமாறினேன். ஏதோ இரண்டு பஸ் டிக்கெட்டுகளின் கடைசி எண்களுக்காக. நானே கூட்டிய கணக்குக்காக.

என்னைப் போல இன்னும் எத்தனை பேர்? மேல்முறையீட்டு நாற்காலியில் உட்கார்ந்த பதினோரு வருடத்தில் நான் 'முடியாது' எழுதியவை நாலாயிரத்துச் சொச்சம். ஒருத்தி அந்தத் தாளை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, 'தண்ணிக்கு ரொம்ப நன்றிங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கீழே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபர்ஹானா சொன்னதையும் சேர்த்து.

அமலோற்பவம் தன் காகிதக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் டிக்கெட்டா?" என்றான் இருதயராஜ் கடைசியாக.

"ஆமாப்பா."

"எந்த ரூட்டு?"

"ஜெயங்கொண்டம் டூ அரியலூர்."

"யோவ்!" என்று எழுந்துவிட்டான். சார் போய் யோவ் வந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. "ரெண்டு வருஷமா இவ ராத்திரி தூங்கல. நான் மனுஷிதானான்னு கேட்டா என்கிட்ட. டாக்டர் டாக்டரா போனோம். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனோம். எதுக்கு, நீ ஜெயங்கொண்டத்துல டீ குடிச்சதுக்கா? உன்னை அங்கேயே பஸ்ஸுல போட்டு நசுக்கியிருக்கணும்யா!"

"உக்காருங்க," என்றாள் அமலோற்பவம். "அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"நீ ஒருத்தி! அவனுக்கு நல்ல சர்டிபிகேட் குடு!"

"எனக்கு முதல்ல நம்ம சர்டிபிகேட் வேணும்." அவள் காகிதக் கட்டைப் பைக்குள் வைத்தாள். "சார், இப்ப என்ன செய்வீங்க?"

நல்ல கேள்வி. நிராகரிப்பை நான் தனியாக எழுதலாம். அனுமதிக்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். வாக்குமூலமாக ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநர் வைத்தமாநிதியின் அறைக்குப் போனேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை உதடு அசைந்தது. பிறகு எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

"வேலு, உமக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"நாலு மாநிலம் நம்ம அளவை எடுத்துக்கிட்டிருக்கு. இதை வெச்சுப் பிரிஞ்சவங்க இருக்காங்க, செத்தவங்ககூட இருக்காங்க. இப்ப வந்து டிக்கெட்டுங்கிறீரே!" நெற்றியைத் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். எங்கள் அலுவலகத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். "சரி. கேளும். எனக்குச் சிறப்பு விலக்கு அதிகாரம் இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு. ஒண்ணை இந்த டீச்சருக்குத் தர்றேன். இன்னிக்கே பதிவு பண்ணிக்கட்டும். பதிவான கல்யாணத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது. பதிலுக்கு நீர் இந்தத் தாளைக் கிழிச்சுட்டு, இதைப் பத்தி வாழ்நாள்ல வெளிய பேச மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும்."

ஒரு பக்கம் இரண்டு பேர். இன்னொரு பக்கம் நாலாயிரத்துச் சொச்சம், அதற்கும் மேலே லட்சங்கள். புள்ளியியல் படித்தவனுக்கு இது கஷ்டமான கணக்கே இல்லை. ஆனால் அந்த இரண்டு பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், லட்சங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. நான் கோழைத்தனமாக அவர்களிடமே போய்க் கேட்டேன்.

அமலோற்பவம் வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். மறுத்துவிட்டால் நான் அவள் பின்னால் நின்று கொஞ்சம் வீரனாகத் தெரிவேன்.

"வாங்கிக்கிறோம் சார்," என்றாள் உடனே. "என்னைக் கெட்டவளா நெனச்சுக்காதீங்க. எனக்கு இவரைக் கல்யாணம் பண்ணிக்கணும்."

நான் எழுதிக் கொடுத்தேன். என் வாக்குமூலத்தை இயக்குநர் என் கண் முன்னாலேயே கிழித்தார். சிறு சிறு துண்டாக, பஸ் டிக்கெட் அளவுக்கு.

மூன்றரை மணிக்கு எதிர்க் கட்டிடத்தில் பதிவு முடிந்தது. சாட்சிக்கு ஆள் இல்லை என்று என்னையும், வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அம்மாவையும் கூப்பிட்டார்கள். இருதயராஜ் என்னைப் பார்க்காமல் மாலையை வாங்கிக்கொண்டான். கையெழுத்துப் போடும்போது அமலோற்பவம் அழுதாள். பேனாவை மூடாமல் பையில் போட்டதில் பையெல்லாம் மை.

படி இறங்கும்போது அவள் நின்றாள்.

"சார், வெளிய பேச மாட்டேன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"நான் எதுவும் எழுதிக் குடுக்கலையே."

எனக்குப் புரிய இரண்டு படி ஆயிற்று.

"பதினோரு அறிக்கையும் என்கிட்ட இருக்கு," என்றாள். "நீங்க சொன்னதெல்லாம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. நாளைக்குக் கோர்ட்டுல போடப் போறேன். எங்க கல்யாணத்தை இனிமே யாரும் தொட முடியாது. ஆனா உங்களுக்கு வேலை போயிடும். கேஸ் வரும், உள்ளகூட போட்டுடுவாங்க. அதான் கேட்டுட்டுச் செய்யலாம்னு."

இருதயராஜ் வாயைத் திறந்தபடி நின்றான். அவனுக்கும் இது செய்தி. கல்யாணமாகிப் பன்னிரண்டு நிமிடத்தில் மனைவியைக் கண்டு அதிர்ந்த ஆண்களில் அவன் ஒருவன்.

"போடுங்க டீச்சர்," என்றேன். படியிலேயே உட்கார்ந்தேன்.

அவளும் ஒரு படி கீழே உட்கார்ந்து, மை படிந்த நோட்டைத் திறந்தாள். "அப்போ தப்பில்லாம எழுதணும் சார். அறுநூத்தி நாப்பதும் டிக்கெட்தானே?"

"அறுநூத்தி முப்பத்தொன்பது."

நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் நாள், முதல் வீடு. அங்க மட்டும் கேட்டேன். முன்னால யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல, அவமானமா இருந்தது. பச்சையம்மாள்னு பேரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுல வேற யாரும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டுப் பதினேழாவது கேள்வியைப் படிச்சேன். அடிப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. இதுவரைக்கும் யாருமே இதை என்கிட்ட கேட்டதில்லையே தம்பின்னாங்க. அப்புறம் பதில் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அப்படி ஒண்ணும் எனக்குத் தோணினதே இல்ல தம்பி. ஆனா அந்த மனுஷன் வேலை முடிஞ்சு வந்து பக்கத்துல உக்காந்தா நல்லா இருக்கும். அவரும் அதுக்குத்தான் சீக்கிரம் வருவாரு. நாங்க நல்லாத்தான் இருக்கோம்னாங்க. நான் பூஜ்யம்னு போட்டேன். மேற்பார்வையாளர் பாத்துட்டு, பூஜ்யம்னெல்லாம் ஒரு பொம்பளை இருக்க மாட்டா, நீ கேட்கத் தெரியாம கேட்டிருக்கேன்னு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, புதுத் தாள்ல அவரே ஒன்பதுன்னு எழுதிக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் டிக்கெட்."

அமலோற்பவம் எழுதவில்லை. பேனா நோட்டின் மேல் நின்று, நின்ற இடத்தில் மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

இருதயராஜ் கழுத்து மாலையைக் கழற்றிப் படியில் வைத்தான். அவள் கையிலிருந்து பேனாவையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தம்மா சொன்னதை மறுபடி சொல்லுங்க சார்," என்றான். "மெதுவா."